கருப்பாயி ஓட்டிய ரயில்

மலாயாவில், குளுவாங்குக்கும் ரெங்கத்துக்கும் நடுவே இருந்த பத்தாங்கட்டைத் தோட்டத்தில், ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மா மாசி மாதத்தில் ஒருநாள் கல்யாணம் செய்துகொண்டு பாலோவுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு ரயில் தண்டவாளத்தில் வேலை. போகும்போது பாயைச் சுருட்டிக்கொண்டாள். பிள்ளைகளை மிரட்ட வைத்திருந்த பிரம்பையும் எடுத்துக்கொண்டாள். அது மாப்பிள்ளைக்காக இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. தாய்மார்கள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். வெட்டி முடித்து, பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவிட்டுத் திரும்ப உச்சிவேளை ஆகிவிடும். அதுவரை ராஜம்மா பதினொரு பிள்ளைகளையும் சுவரோரமாக உட்கார வைத்திருப்பாள். அசைந்தால் பிரம்பு. பேசினாலும் பிரம்பு. அரிசி மூட்டைகளை அடுக்கியதுபோல அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி, "நல்ல ஒழுங்கு" என்று மெச்சுவார்.

ராஜம்மா போனதும் கிராணி ஒரு யோசனை சொன்னார். யோங் பெங்கில் இருக்கும் தன் மைத்துனியை ஆயாவாகக் கூட்டிவரலாம், ஆனால் அவள் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை தாய்மார்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு பால் வெட்டட்டும்.

அன்று மத்தியானம் ஒன்பது தாய்மார்களும் கொட்டகை வாசலில் கூடினார்கள். அங்கம்மாதான் முதலில் பேசினாள். வாட்டசாட்டமானவள், அவள் மெதுவாகப் பேசினாலே ரெண்டு லயத்து வீடுகளுக்கும் கேட்கும்.

"நாம ஒம்பது பேரு. நாளுக்கு ஒருத்தியா முறை வச்சுப் புள்ளைங்களப் பாத்துக்குவோம். அன்னிக்கு அவ மரத்த மத்த எட்டுப் பேரும் பங்கு போட்டு வெட்டிருவோம். ஆளுக்கு நாப்பது மரம் கூட வரும். செத்தா போயிருவோம்?"

கங்காணி ஐயாசாமி தலையைச் சொறிந்தார். "தொரை கேட்டா என்னம்மா சொல்றது?"

"பால் கொறஞ்சாத்தான தொரை கேப்பாரு. மரத்துக்கென்ன தெரியும், யாரு வெட்டுறாங்கன்னு?"

 ஐயாசாமியே போய்த் தோட்டத்துத் துரையிடம் பேசினார். மாதக் கடைசியில் லேபர் ஆபீஸ் துரை கொட்டகையைப் பார்வையிட வருவார், அவர் சரியில்லை என்றால் கிராணியின் மைத்துனிதான் என்று முடிவாயிற்று.

முதல் நாள் அங்கம்மாவின் முறை. பிள்ளைகள் வழக்கப்படி சுவரோரம் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளில் உடைந்தவற்றை ஒரு கூடை அள்ளிவந்து தரையில் கொட்டினாள். "யாரு எனக்குக் கறி ஆக்கித் தர்றீங்க? பசிக்குது" என்றாள். ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. அப்புறம் ஒரு பொடிசு எழுந்து ஒரு மங்கை எடுத்தது. உச்சிவேளைக்குள் பதினேழு வகைச் சேற்றுக்கறி தயாராகிவிட்டது. அங்கம்மா ஒவ்வொன்றையும் உறிஞ்சிக் குடிப்பதுபோல நடித்து, உப்பு குறைச்சல், காரம் கூடுதல் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த நாள் செல்வராணி. அவள் கித்தாக்கொட்டைகளைக் கொண்டுவந்து ஒன்று, இரண்டு என்று குழியில் போட வைத்தாள். பிள்ளைகள் தாங்களாகவே இருபதுக்கு மேல் போய், இருபத்தொன்பதுக்குப் பிறகு இருபத்துப்பத்து, இருபத்துப்பதினொன்று என்று எண்ணிக்கொண்டே போனார்கள். அவள் திருத்தவில்லை. அவர்களே சண்டை போட்டு மூன்றாம் நாள் முப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்னொருத்தி கோணிச் சாக்கில் யானை செய்தாள். மற்றொருத்தி கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் கேட்ட பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். எட்டாம் நாளில், தாய்மார்கள் வந்து கூப்பிட்டாலும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறுத்தார்கள். சுவரோரம் உட்காரும் வழக்கம் யாருக்கும் நினைவில்கூட இல்லை.

ஒன்பதாவது முறை கருப்பாயியுடையது. அதை நினைத்து அவளுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கருப்பாயிக்கு இருபத்தாறு வயது. ஏழு வயதில் கப்பலில் வந்து இறங்கியவள். இறங்கிய மறுவாரமே புல் பிடுங்கும் வேலையில் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேலைதான். தோட்டத்தில் அவளளவுக்குச் சுத்தமாகப் பட்டை சீவுகிறவர்கள் இல்லை. ஆனால் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கோபக்காரி என்று அர்த்தமில்லை. சிரிக்க ஒரு நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். நாலு வயது மகன் கனகராஜைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், தூங்கவைப்பாள். அவனோடு விளையாடியதில்லை.

"அக்கா, என் முறைய வேற யாருக்காவது குடுத்துருங்க" என்று அங்கம்மாவிடம் போய்க் கேட்டாள். "எனக்கு வெளையாட வராது."

"வராட்டி என்ன புள்ள. பதினொரு பேரு இருக்காங்க, அவங்களுக்கு வரும். நீ போய் உக்காரு."

"சும்மா உக்காந்தா போதுமா?"

"உக்காந்து பாரு, சும்மா உக்கார விடுறாங்களான்னு."

கணவன் காளியப்பனிடம் சொன்னபோது அவன், "நீ பட்டை சீவுற மாதிரியே வெளையாடேன், யாரும் கொறை சொல்ல முடியாது" என்றான். அது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

காலையில் எட்டு பேரும் காட்டுக்குப் போய்விட்டார்கள். கருப்பாயி கொட்டகை நடுவில் நின்றாள். இரண்டு கைக்குழந்தைகள் தூளியில் கிடந்தன. மீதி ஒன்பது பேரும் அவளைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். செல்வராணியின் மகள் சந்திரமதிதான் அவர்களில் மூத்தவள், ஐந்தரை வயது. அவள் முன்னால் வந்தாள்.

"அத்தை, இன்னிக்கு என்ன வெளையாட்டு?"

கருப்பாயி கையை விரித்தாள். "தெரியாது" என்றாள்.

சந்திரமதி யோசித்தாள். ஒருத்தி கறி விளையாட்டு கொண்டுவந்தாள், ஒருத்தி யானை கொண்டுவந்தாள். இது புதிதாக ஏதோ ஒரு விளையாட்டு. "சரி, நான் கேக்குறேன்" என்று கனகராஜ் பக்கம் திரும்பினாள். "ஒன் பேரு என்ன?"

கனகராஜ் அம்மாவைப் பார்த்தான். பிறகு, "தெரியாது" என்றான்.

"ஒனக்கு எத்தன மூக்கு?"

"தெரியாது."

"சோத்த எதால திம்பே?"

அவன் காதில் இல்லாத ஒரு கவளத்தை வைத்து அமுக்கிக் காட்டி, "தெரியாது" என்றான்.

அவ்வளவுதான். ஒன்பது பேரும் விழுந்து புரண்டார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தலை எங்கே என்றால் முழங்காலைத் தடவினார்கள். பேச்சு சரியாக வராத ஒரு வாண்டு எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "தியாது, தியாது" என்று சுற்றிச் சுற்றி ஓடித் தூணில் முட்டிக்கொண்டு, அழலாமா என்று ஒரு கணம் யோசித்து, தூணைப் பார்த்து "தியாது" என்றது.

கருப்பாயியின் வயிற்றிலிருந்து விக்கல் மாதிரி ஏதோ ஒன்று கிளம்பியது. வாயைப் பொத்தினாள். அது மூக்கு வழியாக வந்தது. பொத்திய கையை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் மேலே ஏறினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ரயில் கூவியது. தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஜொகூர் பாருவுக்குப் போகும் காலை வண்டி. எல்லோரும் அப்படியே நின்றார்கள். சந்திரமதி ஒரே ஒரு தடவை அதில் ரெங்கம் வரை போயிருக்கிறாள். அந்த ஒரு பயணத்தை அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

"நம்மளும் ரயில் ஆவோம்" என்றாள். "இஞ்சின் பெருசா இருக்கணும். அத்தைதான் இஞ்சின்."

"நானா?"

"நீங்கதான் பெருசு."

மறுக்க முடியாத உண்மை அது. இஞ்சினுக்குக் கரி வேண்டும் என்றார்கள். ஒரு கைக்குழந்தையை முதுகில் கட்டினாள். தண்ணீர் வேண்டும் என்றார்கள். மற்றதை இடுப்பில் வைத்தாள். பழைய சேலை ஒன்றை முறுக்கி இடுப்பில் கட்டி நீளமாகப் பின்னால் விட, பிள்ளைகள் அதைப் பிடித்து வரிசையானார்கள். சந்திரமதிக்குக் கருப்பாயியின் சிவப்புத் தலைத்துண்டு கிடைத்தது. அதுதான் கொடி. கடைசிப் பெட்டி கனகராஜ்.

கொட்டகையை மூன்று சுற்று சுற்றினார்கள். அப்புறம் கொட்டகை போதவில்லை. வெளியே போகலாமா என்று கருப்பாயி ஒரு நொடி தயங்கினாள். தயங்கிய இஞ்சினைப் பின்னாலிருந்து ஒன்பது பெட்டிகள் தள்ளின. வண்டி கிளம்பிவிட்டது.

தண்ணீர்க் குழாயடி பாலோ. லயத்து முனை குளுவாங். அங்கே கோழிகள் இறங்கி ஏற வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்தினார்கள். மாரியம்மன் கோயில் ரெங்கம். சடக்கு என்கிற செம்மண் சாலையில் இறங்கியபோது அது லாயாங் லாயாங். அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வந்ததால் லாயாங் லாயாங் மட்டும் நாலு தடவை வந்தது. கருப்பாயி "கூ" என்று கத்தினாள். முதல் தடவை சன்னமாக. இரண்டாம் தடவை அங்கம்மாவே மிரளும்படி.

சடக்கோரத்தில் அப்துல் ஹலீமின் மளிகைக் கடை. அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர், ரயிலைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"இது ஜொகூர் பாரு ஸ்டேஷன்" என்றார் முகம் மாறாமல். "டிக்கெட் இல்லாம யாரும் எறங்கக் கூடாது."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரிடமும் டிக்கெட் இல்லை. கடைக்குப் பக்கத்தில் இளங்கித்தா ஒன்று கைக்கெட்டும் உயரத்தில் தழைத்து நின்றது. ஒரு காம்பில் மூன்று இலை. சந்திரமதி ஒரு காம்பைப் பறித்தாள். "இது மூணு பேருக்கு" என்றாள். பின்னால் திரும்பித் தலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இன்னொன்று பறித்தாள், இன்னொன்று, இன்னும் ஒன்று. நாலு காம்பையும் அப்துல் ஹலீமிடம் நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு இலையாகக் கிள்ளினார். ஒன்பது பெட்டிக்கு ஒன்பது. கரிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. கருப்பாயியிடம் வந்ததும் நின்றார். "இஞ்சினுக்கு டிக்கெட் கெடையாது, தங்கச்சி. சட்டம் அப்படி." மிச்சம் இருந்த ஓர் இலையைச் சந்திரமதியிடமே கொடுத்தார். "யாராச்சும் ஏறுனா வச்சுக்க."

கடைக்கு எதிரே சாக்கடைமேல் ஒரு பலகை கிடந்தது. அதற்கு அந்தப்பக்கம் சிங்கப்பூர். ஒவ்வொருவராகக் கடலைத் தாண்டினார்கள். தாண்டியவர்கள் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து மறுபடி தாண்டினார்கள். அந்தச் சமயத்தில் இடுப்பிலிருந்த குழந்தை கருப்பாயியின் சேலையை நனைத்தது.

"இஞ்சின்ல தண்ணி ஒழுகுது" என்று சந்திரமதி அறிவித்தாள். அப்துல் ஹலீம் கடைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் லேபர் ஆபீஸ் துரை அன்றைக்கே வந்துவிட்டார். தோட்டத்துத் துரையும் கிராணியும் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே நாலு உடைந்த மங்கும் ஒரு கோணி யானையும் மட்டும் இருந்தன.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் கிராணி. "புள்ளைங்கள தொலைச்சிட்டாங்க."

மூவரும் காரில் ஏறித் தேடக் கிளம்பினார்கள். கார் கோயிலைத் தாண்டித் திரும்பியபோது, சடக்கின் நடுவில் ஒரு சின்னப் பெண் சிவப்புத் துணியை உயர்த்திப் பிடித்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சிங்கப்பூரிலிருந்து ஒரு ரயில் குறுக்கே வந்துகொண்டிருந்தது. மலாய்க்கார டிரைவர் காரை நிறுத்தினார். அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கிரேத்தா ஆப்பி", ரயில், என்று மலாயில் சொல்லிவிட்டு, கேட் போட்ட இடத்தில் நிற்பதுபோல இஞ்சினை அணைத்தார்.

கருப்பாயி காரைப் பார்த்தாள். தொப்பி வைத்த இரண்டு துரைகள். பக்கத்தில் கிராணி.  முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று, நனைந்த சேலை, அவிழ்ந்த கொண்டை. ஓடவும் வழியில்லை, பின்னால் எட்டுப் பேர் சேலையைப் பிடித்திருந்தார்கள்.

லேபர் துரை இறங்கி வந்தார். சிவந்த மூக்கு, நீளமான கால். பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர்.

"நீங்கள் அனைவரும் எங்கே செல்கிறீர்கள்?"

பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் வேடிக்கையாக இருந்தது. "சிங்கப்பூருக்குச் செல்கிறோம்" என்றாள் சந்திரமதி, அவர் மாதிரியே. "போயிட்டு வந்துட்டோம். மறுபடி போறோம்."

"ஆயா யார்?"

எல்லோரும் கருப்பாயியைப் பார்த்தார்கள். அவளுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சமாளிக்கவும் தெரியாது. உண்மை என்னவோ அதைச் சொன்னாள்.

"ஆயா இல்லீங்க தொரை. நான் இஞ்சினுங்க."

 கிராணி கண்ணை மூடிக்கொண்டார். லேபர் துரை தலையை ஆட்டி, அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"எத்தனை குழந்தைகள்?" என்று கிராணியிடம் கேட்டார்.

கிராணி விரலை நீட்டி எண்ணினார். பெட்டிகள் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தன. "பத்து... இல்ல, ஒம்பதுங்க. பதினொன்னு இருக்கணும். ரெண்டக் காணோம், தொரை."

"பதினொன்னு இருக்கு" என்றாள் சந்திரமதி. "நாலு கொத்துப் பறிச்சேன். ஒண்ணே ஒண்ணு மிஞ்சிருச்சு. இந்தாங்க." கையிலிருந்த ஓர் இலையைக் காட்டினாள்.

லேபர் துரை அந்த இலையைப் பார்த்தார். கித்தா மரத்தைப் பார்த்தார். தன் விரல்களை மடக்கினார். நாலு மூன்று பன்னிரண்டு, ஒன்று போனால் பதினொன்று. பிறகு மெதுவாகக் கருப்பாயியின் முதுகுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

"அது கரி" என்று கனகராஜ் விளக்கினான். "இடுப்புல இருக்கிறது தண்ணி. ஒழுகிருச்சு."

துரையின் மூக்கு இன்னும் சிவந்தது. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டார். ஆனால் கன்னம் துடித்தது.

"நீங்க ஏறுறீங்களா?" என்று சந்திரமதி கேட்டாள். "ஒரு டிக்கெட் இருக்கு."

அவர் இலையை வாங்கினார். தொப்பியின் பட்டியில் செருகிக்கொண்டார். வரிசையின் கடைசிக்குப் போய்க் குனிந்து, கனகராஜின் சட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். திரும்பிக் கிராணியைப் பார்த்து, "நீங்கள் கடைசியில் கார்டு வண்டி" என்றார்.

"தொரை, நான்..."

"வண்டி தாமதம் ஆகிறது."

கிராணி தன் கருங்குடையை மடக்கி, லேபர் துரையின் கோட்டு நுனியைப் பிடித்தார். காரில் இருந்த தோட்டத்துத் துரை முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டார்.

கருப்பாயிக்குப் பின்னாலிருந்து, "கூ சொல்லுங்க அத்தை, கூ சொல்லுங்க" என்ற சத்தம் வந்தது.  இந்த ஒன்பது பேரும் தன்னை நம்பித்தான் நிற்கிறார்கள், தான் நகராவிட்டால் யாரும் நகர முடியாது என்பது அவளுக்குப் புரிந்தது. மூச்சை இழுத்தாள். "கூ" என்றாள். ரயில் பலகையைத் தாண்டியது. துரையின் ஒரு கால் சாக்கடைக்குள் போய் வெளியே வந்தது. "கடல்ல விழுந்துட்டாரு" என்று பிள்ளைகள் கூத்தாடினார்கள். அவரும் அதற்குமேல் அடக்கவில்லை. ஒரு கழுதை கனைப்பதுபோல அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். அதைக் கேட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் சிரிப்பு. இஞ்சினுக்கு வயிறு வலித்தது. கார்டு வண்டியிலிருந்துகூட ஏதோ ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று கிராணி பிற்பாடு சாதித்தார்.

இந்தக் கோலத்தில்தான் வண்டி ஸ்டோர் பக்கம் போய்ச் சேர்ந்தது. பால் வாளியோடு நின்ற எட்டுத் தாய்மார்களும் பார்த்தார்கள். காளியப்பனும் பார்த்தான். அவளோடு ஏழு வருஷம் வாழ்ந்தவன், தன் மனைவியின் பல்வரிசையை அன்றுதான் முழுசாகப் பார்த்தான். அங்கம்மா வாளியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். அப்புறம் தானும் கீழே உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள்.

லேபர் துரை போகுமுன் கொட்டகைக்கு மறுபடி வந்தார். கூரை ஒழுகும் இடத்தைக் காட்டி அதை மாற்றச் சொன்னார். சாக்கடைக்குப் பலகை போதாது, மூடி போட வேண்டும் என்று தன் ஈரக் காலணியைக் காட்டினார். பிள்ளைகளுக்குக் காலையில் கஞ்சி கொடுக்கச் சொன்னார். தாய்மார் முறை அப்படியே நடக்கலாம் என்றார். இனி ரயில் சடக்குக்கு வரக் கூடாது, கொட்டகையைச் சுற்றித் தண்டவாளம் கீறிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். கிராணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, மைத்துனிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று முனகினார்.

அன்று சாயங்காலம் பெண்கள் குழாயடியில் குடத்தோடு வரிசை நின்றார்கள். காலையில் நடந்ததை அங்கம்மா ஐந்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். துரை சாக்கடையில் கால் வைத்த இடத்தில் அவளே நடித்துக் காட்டினாள்.

கருப்பாயி தன் முறை வந்ததும் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.  நிரம்பியது. ஒரு கை தண்ணீர் அள்ளினாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், எடை போடுவதுபோல. பிறகு திரும்பி, அங்கம்மாவின் முகத்தில் அடித்தாள்.

அங்கம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏ புள்ள, என்னது இது?"

"தெரியாதுக்கா" என்றாள் கருப்பாயி, குடத்தைத் தூக்கிக்கொண்டு.

அவள் நாலடிகூட ஓடியிருக்க மாட்டாள். அங்கம்மாவின் முழுக்குடமும் முதுகில் விழுந்தது. செல்வராணி நடுவில் புகுந்து விலக்கப் போய் இரண்டு பக்கமும் வாங்கினாள். ஒன்பது குடமும் காலியாயின. மறுபடி நிரம்பின, மறுபடி காலியாயின. ஐயாசாமி அந்தப் பக்கம் வந்தவர், வந்த வழியே திரும்பி நடந்தார். லயத்து வாசலிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து, தங்கள் அம்மாமார்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.